பழைய ரிட்ஸ் வாங்கலாமா? புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாருதி சுசுகி ரிட்ஸ் 2009 மே மாதம் விற்பனைக்கு வந்தது; 2017 தொடக்கத்தோடு நின்றது. புது வண்டி இனி கிடைக்காது. ஆனாலும் நெல்லித்தோப்பு சிக்னலிலோ மஞ்சக்குப்பத்திலோ கொஞ்ச நேரம் நின்றால் ரெண்டு மூன்று ரிட்ஸ் கண்ணில் படும். செகண்ட் ஹேண்டில் கேட்டு வருகிறவர்களும் குறையவில்லை. அவர்கள் கேட்பவை கீழே. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: இந்த வண்டியில் எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உடம்பைப் பார்த்துப் பயப்படுங்கள்.

ரெண்டு கம்பெனி சேர்ந்து செய்த வண்டி என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஜப்பானின் சுசுகியும் ஜெர்மனியின் ஓப்பலும் சேர்ந்து உருவாக்கிய கார் இது. ஐரோப்பாவில் சுசுகி முத்திரையில் ‘ஸ்பிளாஷ்’, ஓப்பல் முத்திரையில் ‘அகிலா’, பிரிட்டனில் ‘வாக்ஸ்ஹால் அகிலா’ என்று மூன்று பெயரில் விற்றது. மூன்றும் ஹங்கேரியில் எஸ்டர்கோம் நகரத்துச் சுசுகி ஆலையில் தயாரானவை. நம் ஊருக்கு வந்தபோது பெயர் ரிட்ஸ்.

ஓப்பல் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சுசுகியில் 20 சதவீதப் பங்கு இருந்தது. 2006-இல் 17 சதவீதத்தையும் 2008-இல் மீதி 3 சதவீதத்தையும் விற்றுவிட்டார்கள். சம்பந்தம் முறிந்த பிறகும் பிள்ளை மட்டும் வளர்ந்தது. இதற்கு முந்தைய அகிலாவும் இதே உறவில் வந்ததுதான். அது வேகன்-ஆரின் அண்ணன் தம்பி.

டீசல் வண்டியில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. அந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட்டின் மல்ட்டிஜெட். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக இருந்த காலத்தில் பிறந்து, உரிமம் பெற்று மானேசரில் தயாரானது.

அப்படியென்றால் ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஓப்பலைத் தேடி அலைய வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் பேரத்தில் பாதி முடிந்த மாதிரி.

ரிட்ஸின் அடித்தளம் ஸ்விஃப்ட்டினுடையது, கொஞ்சம் குறுக்கியது. எஞ்சின், கிளட்ச் போன்ற உள்சாமான்கள் பெரும்பாலும் ஸ்விஃப்ட், டிசையர் குடும்பத்தோடு பொதுவானவை. பெட்ரோலுக்கு கே12எம், டீசலுக்கு மல்ட்டிஜெட். இந்த ரெண்டும் லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடியவை. ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட் எல்லாம் ஊரில் எந்த மாருதி சாமான் கடையிலும் கிடைக்கும். பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதம், வருடம், எஞ்சின் வகை மூன்றையும் சொல்லி, பழைய பாகத்தின் எண்ணையும் காட்டி வாங்குங்கள். ரிட்ஸ் விற்ற காலத்து ஸ்விஃப்ட்டிலேயே ரெண்டு தலைமுறை உண்டு. ஒன்றின் பாகம் மற்றதில் உட்காராது.

வம்பு எங்கே என்றால் ரிட்ஸுக்கு மட்டுமே உரியவற்றில். பின்பக்கம் பூமராங் போல வளைந்து ஏறும் டெயில் லைட், டிக்கிக் கதவு, பின்பம்பர், கதவுகள், கண்ணாடிகள், ஹெட்லைட், டேஷ்போர்டின் பிளாஸ்டிக். இவை வேறு எந்த மாருதியிலும் பொருந்தா. அந்த டெயில் லைட்டின் வெளி வளைவு பாடியைவிட்டு லேசாகத் துருத்தி நிற்பதால், பார்க்கிங்கில் பைக் ஹேண்டில் பட்டாலே விரிசல் விடும். விரிசல் வழியாக மழைத்தண்ணி இறங்கி பல்ப் ஹோல்டர் பச்சை பூத்துப்போகும். ஆகவே வாங்கும்போதே இவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். கிளட்ச் தேய்ந்த வண்டியை விலை குறைத்து வாங்கலாம். டிக்கிக் கதவு நசுங்கிய வண்டியை வாங்க யோசிக்க வேண்டும்.

பெட்ரோலா, டீசலா?

எண்களை முதலில் பார்ப்போம். பெட்ரோல் 1197 சி.சி., சுமார் 85 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் இழுவை. டீசல் 1248 சி.சி., 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதே. மேனுவலில் ரெண்டுக்கும் ஐந்து கியர்.

வில்லியனூரிலிருந்து ஜிப்மர், அங்கிருந்து வீடு என்று ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறவர் டீசல் வாங்கினால் எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஆயில் புகைக்கரியில் கெட்டியாகும், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு அடைக்கும். அவருக்கு பெட்ரோல்தான். கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரி, அல்லது வாரம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை என்று ஓடுகிறவருக்கு டீசல் நியாயமானது. மாதம் 1200 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் டீசலைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

டீசலை ஓட்டுபவர் ஒன்றைப் பழக வேண்டும். இதன் டர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி) வேகத்துக்கேற்ப மாறாத நிலையான வகை. சுமார் 1800 சுற்றுக்குக் கீழே வண்டி தூங்கும், மேலே போனதும் சட்டென்று பாயும். லாரியை முந்தும்போது கியரைக் குறைக்காமல் மிதித்தால் பாதி முந்தலில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த வருடத்து வண்டி நல்லது?

2012 செப்டம்பரில் முகம் மாற்றிய வண்டி வந்தது. கிரில், பம்பர், உள்ளலங்காரம் மாறின. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதற்குப் பிந்தையதைப் பாருங்கள். முக்கியக் காரணம் வயது, வேறொன்றுமில்லை.

டீசலுக்கு, குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்த ரெண்டு தடவையை நினைவில் வையுங்கள். 2010 நவம்பர் 13 முதல் டிசம்பர் 4 வரை தயாரான ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல்கள் 13,157-ஐ கனெக்டிங் ராடு போல்ட்டுக்காக 2011-இல் அழைத்தார்கள். 2014-இல் ஒயரிங் ஹார்னஸ் பொருத்தியதைச் சரிபார்க்க 69,555 டீசல் வண்டிகள். அதில் ரிட்ஸ் 1,131 மட்டும். சேஸிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அந்த வண்டிக்கு வேலை முடிந்ததா என்று சொல்வார்கள். கூடவே சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். கிலோமீட்டரைத் திருப்பிவைத்திருந்தால் அங்கேயே குட்டு உடையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் கார்கள் சீட் வரை மூழ்கின. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம். 2015 கடைசியில் வந்த வெள்ளம் வேறு. அந்த வண்டிகள் எங்கேயும் போய்விடவில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, ‘ஏ.சி. சில்லுனு இருக்கும் சார்’ என்று கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள்.

முதலில் கதவை மூடிக் கண்ணாடியை ஏற்றி உள்ளே ஐந்து நிமிடம் உட்காருங்கள். நனைந்து காய்ந்த பஞ்சின் வாடை எந்த சென்ட் அடித்தாலும் போகாது. மாறாக, சென்ட் வாடை தூக்கலாக அடித்தால் அதுவே சந்தேகம்.

அடுத்து சீட் பெல்ட். நாலையும் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வரும் பாகம் சுத்தமாக இருக்கும். சுருளுக்குள் கிடந்த கடைசி ஓரடியில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரியும். பெல்ட்டைக் கழற்றித் துவைக்கிறவர்கள் குறைவு, ஆகவே இது அநேகமாக ஏமாற்றாது. பெல்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தை இறுக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். துரு, அல்லது ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு இருந்தால் சீட்டை எடுத்துக் காயவைத்திருக்கிறார்கள். வாசற்படி பிளாஸ்டிக்கை நெம்பிக் கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடிப்பஞ்சில் வெள்ளைத் துணியை அழுத்துங்கள். ஆற்று வண்டல் என்றால் மைதா மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பொடி ஒட்டும். ஸ்டெப்னியை வெளியே எடுத்து அது உட்காரும் குழியின் அடியையும் பாருங்கள். டிக்கியில் மேல் கார்பெட்டை மாற்றியவர் கூட இதை மறந்திருப்பார்.

கடைசியாக டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழையுங்கள். ரிட்ஸின் பவர் ஸ்டியரிங் மின்மோட்டார் வகை. அதன் ஒயர்களும் மற்றக் கன்ட்ரோல் பெட்டிகளின் கனெக்டர்களும் அந்தப் பகுதியில்தான். கனெக்டர் பின்னில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெள்ள வண்டியில் எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். ஒயரிங் மட்டும் ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பழிவாங்கும். இன்றைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஸ்டியரிங் விளக்கு.

இன்சூரன்ஸ் க்ளைம் வரலாற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் பெரிய க்ளைம் இருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியில் துரு எங்கே பிடிக்கும்?

உப்புக்காற்று மேலே இருந்து தின்பதில்லை, கீழே இருந்தும் உள்ளே இருந்தும் தின்னும். முத்தியால்பேட்டை, தேவனாம்பட்டினம், கடலூர் துறைமுகம் பக்கம் திறந்த வெளியில் நின்ற வண்டி என்றால் இந்த இடங்களை விடாமல் பாருங்கள்: கதவுகளின் கீழ் விளிம்பு, டிக்கிக் கதவின் கீழ் மடிப்பு, பின்சக்கர வளைவின் உள்ஓரம், ஜாக்கி வைக்கும் இடம், பெட்ரோல் மூடியைச் சுற்றி, பேட்டரித் தட்டு, பின் ஆக்சில் பீம் பாடியில் சேரும் இடம், சைலன்சர் இணைப்புகள், பிரேக் பைப்.

கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கி, பெயின்ட் வெளியே பளபளக்க, தகடு உள்ளே பொரிந்துவிடும். விரல் நகத்தால் விளிம்பைத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தகடு, ‘டப்’ என்றால் பட்டி. ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டினாலும் பட்டி போட்ட இடத்தில் வழுக்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம்: வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுவது, மாதம் ஒருமுறை கதவு ஓட்டைகளைத் துடைப்பக் குச்சியால் குத்திவிடுவது. போரில் உப்புத்தண்ணி வரும் தெருக்களில் அந்தத் தண்ணியிலேயே காரைக் கழுவுகிறார்கள். அதற்குக் கழுவாமலே விடலாம். ஏற்கெனவே துரு இருக்கும் வண்டிக்கு மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் பூசுவது போல. சுரண்டி, ப்ரைமர் அடித்து, பிறகுதான் கோட்டிங்.

மர நிழலில் நிறுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வேப்பிலை, தூங்குமூஞ்சி இலை எல்லாம் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து வடிகாலை அடைக்கும். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் ஏ.சி. ப்ளோயர் வழியாக உள்ளே இறங்கி, இடதுபக்க கார்பெட்டை நனைக்கும். வெள்ளத்தில் நிற்காத வண்டியிலும் ஈர கார்பெட் இருக்க இதுவே காரணம். பானெட்டைத் திறந்து கையால் அள்ளிப் போட்டால் தீர்ந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளில் சங்கிலி உரசும் ‘கரகர’ சத்தம் தொடர்ந்து வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கும். ரிட்ஸில் பெட்ரோல், டீசல் ரெண்டிலும் செயின்தான். ஒரு லட்சம் கிலோமீட்டரில் பெல்ட் மாற்ற வேண்டும் என்று யாராவது செலவு சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் நீளும்.

முருங்கப்பாக்கத்தில் ஆரம்பித்து அரியாங்குப்பம் பாலம் தாண்டித் தவளக்குப்பம் வரை ஒரு நடை போனால் நெரிசல், வேகத்தடை, திறந்த சாலை மூன்றும் கிடைத்துவிடும். நாலாவது கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தடையில் முன்னால் ‘டொக்’ என்றால் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். இது இந்த வண்டியில் சகஜம், செலவும் பெரிதல்ல. காலி இடத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், மறுபக்கமும். ‘டக்டக்’ சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட்.

கியர் லீவர் டேஷ்போர்டில் இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ரெண்டு நாளில் பழகிவிடும். கேபிள் இறுகிய வண்டியில் மட்டும் ரிவர்ஸும் முதல் கியரும் முரண்டு பிடிக்கும்.

டீசலில் வழக்கமாக என்ன கெடும்?

கறும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் நேராக இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஏர் ஃபில்டர். பிறகு டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ். விரிசல் இருந்தால் மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தமும் ஹோஸின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அடுத்து ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வது. இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். நாலையும் மொத்தமாக மாற்றத் தேவையில்லை; திரும்பும் டீசலின் அளவை நாலு குப்பியில் பிடித்து ஒப்பிட்டால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். நீலப் புகை என்றால் விஷயம் வேறு: ஆயில் எரிகிறது, டர்போவையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன் வடித்துவிடுங்கள். ஃபில்டர் மாற்றியதும் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் போகும், பம்பும் வறண்டு தேயும்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் குட்டி டீசலில் பிடிக்கும் ஆயிலே 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். அளவு குறைவு என்பதால் அழுக்கும் சீக்கிரம் அடரும். புத்தகம் 10,000 கிலோமீட்டர் என்றாலும் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு 7,500-இல் மாற்றுவது நல்லது. இது பழைய பாரத் ஸ்டேஜ் 4 (புகை அளவு விதி) டீசல், டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி இல்லாததால் அந்த அடைப்புத் தொல்லை கிடையாது.

பெட்ரோலில்?

பெரிதாக ஒன்றுமில்லை. ஐடிலில் சுற்று ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். மிதிக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக இருக்கும் இக்னிஷன் காயிலை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெட்டு எந்தச் சிலிண்டருக்கு இடம் மாறுகிறதோ, அங்கே போன காயில்தான் கெட்டது. எஞ்சின் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர், 5டபிள்யூ-30 வகை.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் (எத்தனால் 20) போடலாமா?

பங்கில் இப்போது கிடைப்பதே அதுதான். ரிட்ஸ் அந்தக் கலவைக்காகச் செய்த வண்டி அல்ல. முதலில் தெரிவது மைலேஜ்: இப்படிப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே சொல்லியிருக்கிறது. எரிபொருள் ரப்பர் ஹோஸ்களை வருடம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டாலோ மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் டேங்க்கைப் பாதியாக விடக்கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஏ.சி. ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் கேட்கிறதே?

கேஸ் தானாகத் தீராது. கசிகிறது என்று அர்த்தம். கடலோர வண்டியில் பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி முன்னால் இருக்கும் கண்டென்சர். அலுமினியத் தகடுகள் உப்பில் உதிர்ந்து மாவாகும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. கண்டென்சர் மாற்றினால் வேக்குவம் இழுத்து, பானெட் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு ஆர்134ஏ கேஸ் நிரப்ப வேண்டும். குத்துமதிப்பாகக் கூடுதலாக ஏற்றினால் கம்ப்ரெஸர்தான் அடிவாங்கும்.

டயர் அளவு ரெண்டு விதமாக இருக்கிறதே?

கீழ் வகையில் 165/80 ஆர்14, மேல் வகையில் 185/70 ஆர்14. மொத்த விட்டம் முறையே சுமார் 620, 615 மில்லிமீட்டர், ஆக ஒன்றுக்குப் பதில் மற்றது போட்டாலும் ஸ்பீடோமீட்டர் கணக்கு பிசகாது. ஒரே ஆக்சிலில் கலந்து மட்டும் போடாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள்: 1419 என்றால் 2019-இன் 14-வது வாரம். குறைவாக ஓடிய வண்டியில் பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் செத்திருக்கும்.

புதுச்சேரி நம்பர் வண்டியை வாங்கிக் கடலூரில் அப்படியே ஓட்டலாமா?

12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. தமிழ்நாட்டு முகவரிக்காரர் பி.ஒய். 01 வண்டியைப் பல வருடம் அப்படியே ஓட்டுவது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் ஒருநாள் சிக்கும் கதை.

வரிசை இது. விற்பவர் முதலில் பாக்கி அபராதங்களைக் கட்ட வேண்டும். கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் வங்கிப் பெயரை நீக்க வேண்டும். அடுத்து படிவம் 28-இல் புதுச்சேரி போக்குவரத்துத் துறையிடம் தடையில்லாச் சான்று. சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சு இதற்குத் தேவை. படிவம் 29-லும் 30-லும் இருவரும் கையெழுத்து. பிறகு கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 27, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்றோடு வண்டியைக் காட்டி, தமிழ்நாட்டு ஆயுள்கால வரி கட்டினால் டி.என். 31 கிடைக்கும். வண்டியின் வயது கூடக் கூட வரி குறையும். புதுச்சேரியில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கும் வேலையை விற்பவர் செய்வாரா, நீங்களா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். புரோக்கர் ‘எல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் இடம் இதுதான்.

தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

15 வருடம் ஆன ரிட்ஸை வாங்கலாமா? டெல்லி மாதிரி இங்கேயும் தடை வருமா?

10 வருட டீசல் தடை டெல்லி வட்டாரத்துக்கு. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் அது இல்லை. இங்கே 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கினால் பதிவு 5 வருடத்துக்கு நீளும். படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் கார் மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 500 சேரும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 2009, 2010 வண்டிகள் இந்தக் கட்டத்தைத் தாண்டியவை, ஆகவே விலை பேசும்போது எஃப்.சி. ஆனதா என்பதே முதல் கேள்வி. வாசற்படித் தகட்டில் ஓட்டையும் பிரேக் பைப்பில் துருவும் இருந்தால் ஆய்வில் தேறாது.

ஏர்பேக் இருக்கிறதா?

கீழ் வகைகளில் கிடையாது. இசட்.எக்ஸ்.ஐ. போன்ற மேல் வகையில் முன்னால் ரெண்டு. சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கி எதையோ மறைக்கிறார்கள்.

வயதானவர்களை ஏற்றி இறக்க வசதியா?

இதன் பெரிய பலமே அது. உயரம் 1620 மில்லிமீட்டர். குனியாமல், விழாமல் உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஸ்விஃப்ட்டைவிட இது எவ்வளவோ மேல். நீளம் 3.8 மீட்டருக்குள்தான், திரும்பும் ஆரம் 4.7 மீட்டர், பிரெஞ்சுத் தெருக்களில் ஒரே வளைப்பில் திரும்பும். டிக்கி மட்டும் சின்னது. குடும்பத்தோடு திருநள்ளாறு போய் இரவு தங்குவதென்றால் ஒரு பெட்டி யார் மடியிலாவது போகும்.

ஆட்டோமேட்டிக் ரிட்ஸ்?

2013-இல் பெட்ரோலில் நாலு கியரோடு வந்தது. எண்ணிக்கை குறைவு, மைலேஜும் குறைவு. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் காட்டினால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

தெருவில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டால்?

திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், நீங்கள் அடிக்கும் ஒரு செல்ஃபில் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு ஏற்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் நிற்கும் உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கயிறு கட்டி இழுக்காமல் காரையே மேலே ஏற்றும் தட்டை லாரியில் (ஃப்ளாட்பெட்) ஏற்றச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கையும் டீசலில் குளோ பிளக்கையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஃபில்டரோடு மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றுவது அவசியம். கியர் ஆயில், பிரேக் ஆயில், பின் டிரம்முக்குள் சேறு எல்லாமும் அன்றே பார்க்க வேண்டியவை. கார்பெட்டை முழுக்க வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். அப்படியே விட்டு ஹேர் டிரையர் பிடிப்பதால் மேல்துணி மட்டும்தான் காயும்.

மழைக்காலத்தில் ரெண்டு நாளைக்கு மேல் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது லைனிங்கே பெயர்ந்து வரும்.